வேற்றுமை இருக்கிறது, பாகுபாடு எங்கே போச்சு?

மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. 2006இல் ஆறாம் வகுப்புக்கு ஒரு சமூக அறிவியல் பாடநூல் போட்டது. முதல் பாடம் பன்மையைப் புரிந்துகொள்வது பற்றி. அடுத்த பாடம் பன்மையும் பாகுபாடும். அந்த இரண்டாவது பாடத்துக்குள் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ரயிலடியில் நின்றுகொண்டிருந்தான். 1901ஆம் வருசம். கோரேகானில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்தவன். நல்ல உடுப்பு. யார் என்ன என்று விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு, ‘மகார்’ என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் மாறிப்போகிறது. இரட்டைக் கூலி தருகிறோம் என்றாலும் மாட்டு வண்டிக்காரன் எவனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். அந்தப் பையன்தான் அம்பேத்கர்.

2024இல் புதுப் பாடநூல் வந்தது. அதிலும் வேற்றுமையில் ஒற்றுமை என்று ஒரு பாடம் உண்டு. அரிசி, கோதுமை, கேழ்வரகு, பருப்பு வருகிறது. சேலை வருகிறது. பண்டிகை வருகிறது. பஞ்சதந்திரம், ராமாயணம், மகாபாரதம் வருகிறது. ரயிலடியில் நின்ற பையனைத்தான் காணோம். பாகுபாடு என்ற பாடத்தையே காணோம். பன்மை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சேலை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பழைய ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்காக அடிபட்ட கதை அதில்தான் இருந்தது. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக்கூடாது என்று 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தையே எடுத்துவிட்டது. ஆக, சேலையை எத்தனை விதமாகக் கட்டலாம் என்று பிள்ளை படிக்கலாம். எந்தப் பெண் மாராப்புப் போடக்கூடாது என்று யார் தடுத்தான், அதைப் படிக்கக்கூடாது.

இதைப் பக்கம் குறைக்கிற வேலை என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வேறு வேறு மாதிரி சமைப்பதும், ஒருவன் சமைத்ததை இன்னொருவன் தொடமாட்டேன் என்பதும் ஒன்றா? முதலாவதற்கு வேற்றுமை என்று பெயர். இரண்டாவதற்கும் அதே பெயரை ஒட்டிவிட்டால் தீண்டாமைகூட ஒரு கலாச்சாரமாகிவிடும். ஊர் ஒரு கலாச்சாரம், சேரி ஒரு கலாச்சாரம், இரண்டும் இந்தியத் தோட்டத்துப் பூக்கள்! மேலே ஒருவன் கீழே ஒருவன் என்று அடுக்கிவைத்த ஏணியைப் படுக்கப்போட்டு, எல்லாரும் சமமாகத்தானே படுத்திருக்கிறோம் என்று சொல்கிற வித்தை இது.

டெல்லிக்காரன் மட்டும் இந்த வித்தையைச் செய்யவில்லை. அமெரிக்காவிலும் நம்ம ஆட்கள் செய்தார்கள். அந்த நாட்டில் பன்மைப் பண்பாட்டுக் கல்வி என்ற பேச்சுக்குப் பின்னால் கறுப்பர்களின் போராட்டம் இருக்கிறது. 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் மூன்றாமுலக மாணவர் முன்னணியும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எங்கள் வரலாறு பாடத்தில் வரவேண்டும், எங்கள் பிள்ளைகள் உள்ளே வரவேண்டும், இதுதான் கோரிக்கை. அடிதடி, கைது, ஐந்து மாசம். 1969 மார்ச்சில்தான் முடிந்தது. இனவியல் படிப்புகளுக்கென்றே தனிப் புலம் கிடைத்தது. அப்படி ரத்தம் சிந்தி உண்டான வெளிக்குள் 2005இல் கலிபோர்னியாவின் இந்துத்துவ அமைப்புகள் நைசாக நுழைந்தன. ஆறாம் வகுப்பு நூலில் சாதியைப் பற்றி எழுதினால் இந்துப் பிள்ளைகளின் மனசு புண்படுகிறதாம், சிறுபான்மைப் பண்பாட்டை மதியுங்கள் என்று மனுப் போட்டார்கள். அறிஞர்களும் தலித் அமைப்புகளும் எதிர்த்து நின்றதால் 2006இல் அந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. 2016இல் திரும்ப வந்தார்கள். கறுப்பன் பிடுங்கிக் கொண்டுவந்த சொல், பார்ப்பனியத்துக்குக் கேடயம்! அங்கே சிறுபான்மை, இங்கே பெரும்பான்மை. ரெண்டு இடத்திலும் அழிவது என்னவோ நம்ம கதைதான்.

டெல்லியைத் திட்டிவிட்டுத் தமிழ்நாட்டைத் தடவிக்கொடுக்க இது திராவிடக் கட்சி மேடை அல்ல. வண்ண வண்ணப் பன்மை வேண்டுமென்றால் தென்மாவட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. ஒவ்வொரு கயிறும் ஒரு சாதி. யார் யாரோடு விளையாடலாம், யார் யாரை அடிக்கலாம் என்பதற்கான பாடத்திட்டம் அதில் இருக்கிறது. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். பா.ஜ.க.வின் எச். ராஜா அதை இந்து விரோதம் என்றார். அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் தனக்குத் தெரியாமல் வந்த சுற்றறிக்கை, பழைய நடைமுறையே தொடரும் என்றார். சாதிக் கயிற்றைக் கலாச்சாரம் என்று சொல்லிவிட்டால் போதும், அரசாங்கம் கும்பிட்டு ஒதுங்கிவிடுகிறது.

நான்கு வருசம் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடேறிப்போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது, கயிறும் பொட்டும் கூடாது என்றது. உடனே அதே பா.ஜ.க., அதே கலாச்சாரக் கூச்சல். (ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கலாம் என்ற பரிந்துரையில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதைத் தனியாகப் பேசணும்.)

பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வருவோம். மாறுவேடப் போட்டியில் பஞ்சாபி வருகிறான், காஷ்மீரி வருகிறாள். இப்போதெல்லாம் பறையையும் மேடையேற்றுகிறார்கள். ஆதித்தமிழனின் இசையாம். சந்தோசம். ஆனால் அந்தப் பறையை ஊருக்காரன் சாவுக்கு அடிக்கமாட்டேன் என்று சொன்ன அப்பனை ஊர் என்ன செய்தது என்று அந்த மேடையில் எவனாவது வாய் திறந்திருக்கிறானா? தோலைத் தட்டலாம், அந்தத் தோல் எந்த மாட்டுத் தோல், மாட்டை உரித்தது யார், கறி எங்கே போச்சு, கேட்கக்கூடாது. தமிழர் உணவுத் திருவிழாவில் கம்பங்கூழ் இருக்கும், உப்புக்கண்டம் இருக்காது. ‘இஸ்துகினு’ என்று பேசுகிற பிள்ளையைத் தமிழய்யா கொச்சை என்று தலையில் குட்டுவார். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வகுப்பில் வாயே திறக்காது. கூச்ச சுபாவம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.

சோற்றுக்கே வருவோம். திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் யாரை மாற்றினார்கள்? சமைக்க வந்த பெண்ணை. இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த உத்தரவு வாபஸ். சமையல்கட்டில் நடந்த இந்தப் பாடத்தைப் பக்கத்து வகுப்பறையில் இருந்த எந்தப் புத்தகம் விளக்கும்? அரிசியும் பருப்பும் பட்டியல் போடுகிற புத்தகமா?

நம்மில் சிலர், எங்களுக்கும் பாடத்தில் ஒரு பக்கம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். கொடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் இருக்கிறார்கள். அதுவும் போராடி வந்ததுதான். ஆனால் கொடுத்த பக்கத்தைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2021 ஆகஸ்டில் பாமாவையும் சுகிர்தராணியையும் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து தூக்க ஒரு மேற்பார்வைக் குழு போதுமானதாக இருந்தது. நமக்கு ஒரு பக்கம் கொடுப்பவர்கள், மீதிப் பக்கம் எல்லாம் யாருடையது என்ற கேள்வியைத் தொடவிடுவதில்லை. மீதிப் பக்கத்துக்குப் பொது என்று பெயர். அந்தப் பொதுவில் வீடு என்றால் மாடி வீடு, அப்பா என்றால் ஆபீசர் அப்பா, சாப்பாடு என்றால் சைவம். உடைக்க வேண்டியது அந்தப் பொதுவைத்தான். நான்கு வகைச் சாப்பாட்டோடு ஐந்தாவதாக நம்ம சாப்பாட்டையும் படம் போடு என்று கெஞ்சுவதற்கா இத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள்?

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். போர்டு மாறியதில் நமக்கு வருத்தமில்லை. காலனிப் பசங்க என்று கூப்பிடும் வாத்தியாரின் வாய்க்கு எந்த அரசாணை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆசிரியர் பயிற்சியில் சாதி ஒரு பாடமாக இருக்கவேண்டும், சாதி பார்த்து வகுப்பு நடத்துகிறவர் மேல் வழக்கு வரவேண்டும், ஒவ்வொரு பள்ளிச் சமையல்கட்டிலும் தலித் கை இருக்கவேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகம் முன்னால் உட்காரும்போது இந்த மூன்றையும் எழுதி எடுத்துப்போவோம்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. அந்த 2006 ஆறாம் வகுப்பு நூல் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. இரண்டாம் பாடத்தைத் தமிழாக்கி நகலெடுங்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் அடுத்த வாரமே பிள்ளைகளை உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ரயிலடியில் நிற்கிற பையனுக்கும் ஒன்பது வயசு, எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் ஒன்பது பத்து வயசுதான் இருக்கும். வாசித்து முடித்ததும் நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். பிள்ளைகள் பேசட்டும், இஸ்துகினு பேசட்டும்.