சம்பளம் வேறு, சொத்து வேறு

“நம்மாளுங்க குடிச்சே அழிஞ்சாங்க. சீனவங்களப் பாரு, எப்படிச் சேக்கிறாங்க.” கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். தலையாட்டுகிறவர்களில் பட்டதாரிகளும் உண்டு. எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நானும் என் சீன நண்பனும் ஒரே உள்நாட்டுப் பல்கலைக்கழகம், ஒரே துறை, ஏறக்குறைய ஒரே சம்பளம். 27 வயதில் அவன் வீடு வாங்கினான். முன்பணம் அப்பா கொடுத்தது. அவருக்கு அது தாத்தாவின் கடைவீட்டை விற்று வந்தது. நான் பிடிபிடிஎன் கடனைக் கட்டி, அம்மாவுக்கு அனுப்பி, மிச்சத்தில் வாடகை கொடுக்கிறேன். இதில் யார் குடித்தார்கள்? என் அப்பா டீயே சீனி இல்லாமல்தான் குடிக்கிறார்.

சம்பளம் மாதத்தோடு முடிந்துவிடும். சொத்துதான் தலைமுறை தாண்டும். என் தாத்தா முப்பது வருஷம் பால்மரம் வெட்டினார். குடியிருந்த லயம் கம்பெனியுடையது. வேலை முடிந்தது, வீடும் முடிந்தது. பிறகு எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. நிலத்தின் விலை ஏறியது. லாபம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு. அதில் வியர்வை விட்டவர்களுக்குச் சிறு நஷ்டஈடும் மலிவு விலை அடுக்குமாடிக்குக் காத்திருப்பும்.

சேமிக்கத் தெரியாதவர்களா இவர்கள்? 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை வாங்கப் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தவர்கள் இதே தொழிலாளர்கள்தான்.

சொத்தின் அருமை அரசுக்கும் தெரியும். 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு பங்குடைமை என்று இலக்கு வைத்தது. 1981இல் அமானா சஹாம் நேஷனல் வந்தது. வெறும் சம்பளத்தால் ஒரு சமூகம் எழாது என்ற புரிதல் அது. சரியான புரிதல். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துக்கு மட்டும் அது ஏன் பொருந்தவில்லை? நமக்கென்று 1982இல் வந்த மைக்கா ஹோல்டிங்ஸின் கதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எல்லாச் சீனர்களுக்கும் கடைவீடு இல்லை. புதுக்கிராமத்திலும் கிளந்தான் கம்பத்திலும் வெறுங்கையோடு தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் என் கட்சிதான். என் சண்டை நண்பனோடு இல்லை. அவன் அப்பா கொடுத்ததைத் திறமை என்றும், என் அப்பாவிடம் இல்லாததை ஒழுக்கக்கேடு என்றும் பெயர் வைக்கிறார்களே, அவர்களோடு.

“படிச்சா மேல வந்துடலாம்” என்றார்கள். படித்தோம். சம்பளம் வந்தது. முன்பணம் வரவில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு முதல் வீடு கிடைக்க வழி கேட்காமல், இன்னும் நாம் குடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த பந்தியில் யாராவது ஆரம்பித்தால், மரியாதையாக ஒன்று மட்டும் கேளுங்கள்: “மாமா, உங்க மொத வீட்டுக்கு முன்பணம் யார் கொடுத்தா?”