வாடை வந்தால் முதலில் யாருக்கு ஏசுகிறோம்?



தவணை லீவு முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் வாரம். பெண் பிள்ளைகளின் பாத்ரூம் பக்கம் போகவே முடியாத வாடை. நாம் என்ன செய்தோம்? சுத்தம் செய்யும் அக்காவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் ஏசினோம். "ரெண்டு தரம் கழுவினேன் மிஸ்" என்றார். நம்பவில்லை. பினாயில் ஊற்ற வைத்தோம். வாச உருண்டை தொங்கவிட்டோம். இரண்டு நாளில் வாடையும் பினாயிலும் சேர்ந்து மணத்தது.

இதற்கிடையில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த போத்தல் அப்படியே வீட்டுக்குப் போனது. தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீரில் கிருமித்தொற்று வரும். பரீட்சைப் புள்ளிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், இதைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறோம்.

கடைசியில் பைப் வேலை பாஸ் ஒருவர் வந்தார். ஒன்றையும் உடைக்கவில்லை. பூட்டிக் கிடந்த கடைசி அறையைத் திறக்கச் சொன்னார். அதன் தரைத் துளையிலும் பேனிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கே வாடை போய்விட்டது.

காரணம் இதுதான். துளைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழியின் வாயுவை உள்ளே விடாத கதவு அந்தத் தண்ணீர்தான். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரத் தொழிலாளி மலசலகூடத்துக்கு இந்த வளைவை வைத்துக் காப்புரிமை பெற்றார். பாவிக்காமல் விட்டால் தண்ணீர் வற்றும், கதவு திறந்துவிடும். எவ்வளவு பினாயில் வெளியே ஊற்றினாலும் அது மூடாது.

இது வாடையோடு முடிகிற விஷயமும் அல்ல. 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் மாடிவீடுகளில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. பாத்ரூம் தரைத் துளைகளின் வளைவில் தண்ணீர் வற்றிக் கிடந்ததை, கிருமி பரவிய முக்கியமான வழிகளில் ஒன்றாக விசாரணை செய்தவர்கள் சொன்னார்கள்.

உங்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் வாடை வந்தால் இப்படித் தேடுங்கள். அழுகிய முட்டை போல மணத்தால் குழியின் வாயு. பாவிக்காத துளைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூக்கை எரிக்கும் வாடை என்றால் டைல் இடுக்குகளில் ஊறிய சிறுநீர். தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். தண்ணீர் அடிக்கும்போது பக்கத்துத் துளையில் களகள என்று சத்தம் வந்தால், குழியின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா, இருக்கிறதா என்றே பாருங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பிளீச்சிங் பவுடரையும் அசிட் கலந்த டொய்லட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும்.

சரி, அந்த அறை ஏன் பூட்டிக் கிடந்தது? டெப் உடைந்திருந்தது. போன தவணையே அந்த அக்கா சொல்லியிருந்தார். திருத்துவதற்குப் பதிலாக நாம் பூட்டுப் போட்டோம். சாவியும் நம்மிடம்தான் இருந்தது. அவரால் உள்ளே போகவே முடியாத அறைக்காக அவருக்கு ஏசியிருக்கிறோம்.

அதனால் நமது கருத்து ஒன்றுதான். பாத்ரூமில் என்ன பிழை என்று முதலில் தெரிவது அதைக் கழுவுபவருக்கு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெயின்டுக்கும் கேட்டுக்கும் காசு ஒதுக்குவதற்கு முன், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன உடைந்திருக்கிறது என்று கேட்போம். லீவு விட முன்னும், பாடசாலை தொடங்க முதல் நாளும் எல்லாத் துளைகளிலும் ஒவ்வொரு வாளித் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்வோம். செலவு ஒன்றுமில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். ஏசியது எல்லோர் முன்னாலும் என்பதால், இதையும் எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறோம்.