ஒரு தரம், இரண்டு தரம்... மூன்றாம் தரம் எங்கே?

மீன் துறையிலோ காய்கறி மண்டியிலோ நடக்கும் ஏலத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். விலை ஏறி ஓரிடத்தில் நின்றதும் ஏலம் விடுபவர் என்ன செய்கிறார்? “ஒரு தரம், இரண்டு தரம்” என்று கூவுகிறார். சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். யாராவது கூட்டிக் கேட்டால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். எவரும் வாய் திறக்காதபோதுதான் “மூன்று தரம்” என்று சொல்லி முடிக்கிறார். அங்கே ஏலத்தை முடித்துவைப்பது கடிகாரம் அன்று; கேட்பவர்களின் மௌனமே.

இனி இணையத்தில் நடக்கும் ஏலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு பியர் ஒமிடியார் என்ற கணிப்பொறி வல்லுநர் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. உடைந்துபோன லேசர் சுட்டுக் கருவி ஒன்றைக்கூட அங்கே ஒருவர் 14.83 டாலர் கொடுத்து வாங்கினார்! ஒருவர் குப்பையில் போட நினைப்பதை இன்னொருவர் தேடிக்கொண்டிருக்கலாம். அவ்விருவரையும் சேர்த்துவைப்பது மிக நல்ல பணி அல்லவா?

ஆனால், அங்கே வாங்கி விற்பவர்கள் பலர் சலித்துக்கொள்கிறார்கள். “ஐந்து நாட்கள் முன்னணியில் இருந்தேன். கடைசி நொடியில் எவரோ வந்து தட்டிப் பறித்துவிட்டார்” என்கிறார் வாங்க வந்தவர். “பொருள் பாதி விலைக்குப் போய்விட்டது” என்கிறார் விற்றவர். மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று இருவரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு சரியன்று என்பதே என் கருத்து. மனிதர்களைக் குறை கூறும் முன் விதிகளைச் சோதிக்க வேண்டும்.

ஈபே ஏலம் எப்படி நடைபெறுகிறது? நீங்கள் கொடுக்க விரும்பும் உச்ச விலையைக் கணிப்பொறியிடம் சொல்லிவிடலாம். அது அந்த விலையை இரகசியமாக வைத்துக்கொண்டு, அடுத்தவரை வெல்லத் தேவையான அளவுக்கு மட்டுமே உங்களுக்காக விலையை ஏற்றிக் கேட்கும். ஆனால், ஏலம் முன்கூட்டியே குறித்த நொடியில் முடிந்துவிடும். அதன்பின் “ஒரு தரம், இரண்டு தரம்” கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பழைய நுண்ணோக்கி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. மேரிக்கு அது 120 டாலர் பெறும். ஜானுக்கு 90 டாலர்தான் பெறும். ஒவ்வொரு முறையும் ஒரு டாலர் கூட்டிக் கேட்க வேண்டும் என்று கொள்வோம். இருவரும் தம் உச்ச விலையைச் சொல்லிவிட்டால், நுண்ணோக்கி 91 டாலருக்கு மேரியிடம் போகும். ஆனால் மேரி, “இப்போது 80 சொல்வோம், யாராவது போட்டிக்கு வந்தால் ஏற்றிக்கொள்ளலாம்” என்று நினைக்கிறாள். ஜானோ வாய் திறக்காமல் காத்திருந்து, முடிய மூன்று நொடி இருக்கும்போது 90 டாலர் என்கிறான். மேரி அதைப் பார்த்து விரலை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. நுண்ணோக்கி ஜானிடம் போகிறது, 81 டாலருக்கு! அதிகம் விரும்பியவள் இழந்தாள். விற்றவருக்கும் 10 டாலர் நட்டம். இங்கே யாராவது பொய் சொன்னார்களா? திருடினார்களா? இல்லையே!

அப்படியானால் குற்றம் விதியினுடையதா? இதை எப்படிக் கண்டறிவது? விதியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது. அமேசான் நிறுவனம் அக்காலத்தில் நடத்திவந்த ஏலப் பகுதியில் விதி வேறாக இருந்தது. கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் யாராவது கேட்டால், ஏலம் மேலும் பத்து நிமிடம் நீளும். ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இவ்விரு தளங்களையும் ஒப்பிட்டு 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி நேரத்தில் பாய்வது ஈபேயில்தான் மிகுதி என்று கண்டார்கள். இரு தளங்களுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! ஆகவே, ஆய்வுக்கூடத்தில் முடிவு விதியை மட்டும் மாற்றிச் செய்த சோதனை 2005-இல் வெளியாயிற்று. அதிலும் அதே போக்குதான் தென்பட்டது.

கடைசி நொடியில் கேட்பது சாமர்த்தியம்தானே என்று சிலர் வாதாடுவார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. பழம்பொருளின் மதிப்பை அறிந்த ஒருவர் முன்னதாகக் கேட்டால், அவரைப் பார்த்தே மற்றவர்களும் அதன் மதிப்பைத் தெரிந்துகொள்வார்கள். ஆகவே அவர் மறைந்திருக்க விரும்புகிறார். ஆனால் இன்று அந்தக் கடைசி நொடியில் கேட்பதற்கென்றே கணிப்பொறி நிரல்கள் இருக்கின்றன. வேகமான இயந்திரம் வைத்திருப்பவர் வெல்வது ஏலமாகாது. அது ஓட்டப் பந்தயம்.

விதிகளை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. ஈபேயில் முன்பு வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நற்சான்றோ குறையோ எழுதிவந்தார்கள். “நான் குறை எழுதினால் அவரும் எழுதிவிடுவாரே” என்று அஞ்சி வாங்கியவர்கள் பலர் உண்மையை மறைத்தார்கள். 2008-இல், விற்பவர் வாங்குபவரைப் பற்றிக் குறை எழுதக்கூடாது என்று விதி வந்தது. உடனே விற்பவர்கள், “பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பவரைப் பற்றி நாங்கள் எங்கே எழுதுவது?” என்று கொதித்தார்கள். ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னோர் ஓட்டை திறக்கிறது. ஆகவே ஒவ்வொரு விதியையும் சோதித்துச் சோதித்துத்தான் திருத்த வேண்டும்.

ஆனால், நேரம் நீளும் விதி நடைமுறைக்கு ஒவ்வாதது என்று மட்டும் எவரும் சொல்ல முடியாது. நம் நாட்டு வங்கிகள், திருப்பிச் செலுத்தாத கடனுக்காக எடுத்த வீடு, நிலங்களை மின் ஏலத்தில் விற்கின்றன. கடைசிச் சில நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் அங்கே நேரம் நீள்வது வழக்கம். மண்டியில் கேட்ட “ஒரு தரம், இரண்டு தரம்” அங்கே கணிப்பொறிக்குள் புகுந்திருக்கிறது! மற்ற ஏலத் தளங்களும் அதைக் கற்றுக்கொண்டால் என்ன?

நாளை நிரல் எழுதப்போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு விதி. அது யாருக்கு உதவுகிறது, யாரைத் தள்ளுகிறது என்று கேட்டுப் பாருங்கள். 18 வயது நிரம்பி ஏலம் கேட்கப் போகும்போது, உச்ச விலையை முதலில் தாளில் எழுதிவிட்டு, அதை ஒரே முறை சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் போனால் வருந்தாதீர்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. வகுப்பில் ஆளுக்கு 20 புளியங்கொட்டை கொடுத்து, ஒரு பென்சிலை ஏலம் விடுங்கள். முதலில் மணி அடித்ததும் முடியும் ஏலம். பிறகு மூன்று தரம் சொல்லி முடியும் ஏலம். இரண்டையும் பலமுறை நடத்தி, யார் எப்போது கேட்டார், என்ன விலைக்குப் போயிற்று என்று குறித்து வையுங்கள். எந்த விதி நியாயமானது என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லட்டும்.