முதல் ஊசி எங்கே?

2020இல் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலக நாடுகளில் இதுவே மிக அதிகம். 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவ வலி காணும் தாய்க்கு உரிய நேரத்தில் டெக்சாமெத்தசோன் ஊசி செலுத்தினால், சிசுவின் நுரையீரல் முதிர்ச்சிபெற உதவும். விலை மலிந்த மருந்து. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே செலுத்தலாமென 2014இலேயே ஒன்றிய அரசு வழிகாட்டியது.

ஆயினும், ஊசியின்றிப் பரிந்துரைச் சீட்டோடு மட்டும் ஏழைப் பெண்கள் அலைக்கழிக்கப்படும் அவலம் ஓயவில்லை. குற்றம் செவிலியருடையதன்று, 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைச் சுகாதாரத்திற்குச் செலவிடுவதாக 2017இல் அறிவித்துவிட்டு, பணியிடங்களை நிரப்பாத அரசினுடையது.

தோழர்களே, உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: மருந்து இருப்பில் உள்ளதா? செலுத்த ஆள் உண்டா? மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இடமுண்டா? விடை ‘இல்லை’ எனில், போராட்டம் அங்கிருந்தே தொடங்கட்டும்.