பயணச்சீட்டு கேட்காத தேசம்



நம் குடும்பங்களில் பிள்ளைகளை ஐரோப்பாவிற்கு வேலைக்கு அனுப்பிய பெற்றோர் இன்று அநேகர். அவர்கள் ஆசையாய் அழைக்க, நாமும் போகிறோம். ஆனால் அங்கே போனபின் நடப்பது என்ன? மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பாஷை தெரியாது, டாக்சிக்குக் கொடுக்கும் யூரோவை ரூபாயாக்கிப் பார்த்தால் மனம் கேட்காது. ஆகவே சனிக்கிழமை வரும்வரை ஜன்னலோரமே கதியென்று இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களை மனதில் வைத்தே இம்மாதம் லக்சம்பர்க் தேசத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே அமைந்த இச்சிறிய தேசத்தின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 முதல் இங்கே பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் யாவும் இலவசம். குடிமகனா, விருந்தாளியா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாடு முழுவதும் இவ்வாறு செய்தது உலகிலேயே இதுதான் முதன்முறை. இதன் செலவை அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து ஏற்கிறது. போக்குவரத்துக்கு ஆண்டுதோறும் 50 கோடி யூரோ அளவில் செலவாகிக்கொண்டிருக்க, பயணச்சீட்டு விற்பனையால் வந்ததோ சுமார் 4 கோடியே 10 லட்சம் யூரோதான். கார்கள் மிகுந்த அந்நாட்டில் சாலை நெரிசலைக் குறைப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று.

மும்பையில் வாழும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் நகரத்தில் டிராம் நின்றுபோனது 1964-இல். லக்சம்பர்க் நகரிலும் அதே ஆண்டில்தான் பழைய டிராம் நிறுத்தப்பட்டது. ஆனால் அவர்கள் 2017 டிசம்பரில் புதிய தண்டவாளம் போட்டு அதை மீண்டும் ஓடவிட்டார்கள். 2020 டிசம்பரில் அது மத்திய ரயில் நிலையத்தையும், 2025 மார்ச் 2-இல் விமான நிலையத்தையும் எட்டியது. தரை தாழ்வான வண்டியாதலால் முழங்கால் வலியுள்ளவர்களும் படியேறாமல் உள்ளே செல்லலாம். நகரின் நடுப்பகுதியில் தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. வண்டி தன்னுள் சேமித்த மின்சாரத்தாலேயே ஓடுகிறது.

அங்கு போய்ச் சேருவது எப்படி? இந்தியாவிலிருந்து பிராங்க்பர்ட் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து பேருந்தில் லக்சம்பர்க் செல்லலாம். ஜெர்மனியின் டிரியர் நகரிலிருந்தும் எல்லை கடக்கும் பேருந்துகள் உண்டு. தூரம் சுமார் 50 கிலோமீட்டர். ஒன்றை மறவாதிருங்கள்: இலவசம் என்பது எல்லைக்கோட்டுக்கு உட்பட்டது. ஜெர்மனிக்குள் ஓடும் தூரத்திற்குக் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும். ரயிலில் முதல் வகுப்புக்கும் அப்படியே. தெரியாமல் ஏறினேன் என்று சொல்லி அபராதத்திலிருந்து தப்ப முடியாது.

விசாவைப் பற்றியும் அறிந்திருங்கள். நமக்கு ஷெங்கன் விசா அவசியம். அதிக நாட்கள் எந்நாட்டில் தங்குவீர்களோ, அந்நாட்டின் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் தேவை. எல்லையில் சோதனை இராது என்று எண்ணிக் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லைகள் யாவற்றிலும், லக்சம்பர்க் பக்கத்திலுங்கூட, சோதனையைத் தொடங்கியது. பேருந்திலும் அதிகாரிகள் ஏறிக் கேட்கக்கூடும்.

ஷெங்கன் என்பதே லக்சம்பர்க்கிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர் என்பதை அறிவீர்களா? மோசெல் நதியோரத்திலுள்ள அந்தக் கிராமத்தில், 1985 ஜூன் 14 அன்று, ஒரு கப்பலில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடிக் கையெழுத்திட்டார்கள். நம் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவின் பெயர் பிறந்த இடத்தை, காசில்லாமல் பேருந்தில் போய்க் காணலாம். வியாண்டன் கோட்டைக்கும், 698-இல் வில்லிபிரார்ட் என்னும் மிஷனெரி மடாலயம் நிறுவிய எக்டெர்நாக் ஊருக்கும் அவ்வாறே போகலாம்.

வழக்கங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது. பேருந்து வரும்போது கையை நீட்டுங்கள். இறங்கவேண்டிய இடத்திற்கு முன்னரே பொத்தானை அழுத்துங்கள். டிராமின் கதவு தானாகத் திறவாவிட்டால் அதற்கும் பொத்தான் உண்டு. நிறுத்தத்தின் பெயரையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். வழி தவறினாலும் அச்சம் வேண்டாம்; எதிர்ப்புறம் நின்று அடுத்த டிராமில் திரும்பலாம், அதற்கும் செலவில்லை.

அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். தாய் தகப்பன் வந்த முதல் வாரத்திலேயே ஒருநாள் விடுப்பு எடுங்கள். சுற்றுலாத் தலம் காட்டுவதற்கு முன்பாக, வீட்டிலிருந்து கடைக்கும் பூங்காவிற்கும் போய்வரும் ஒரேயொரு வழியை அவர்களோடு இரண்டுமுறை சென்று கற்றுக்கொடுங்கள். மூன்றாம் முறை அவர்களைத் தனியே அனுப்புங்கள். மாலையில் நீங்கள் வீடு திரும்பும்போது, உங்களிடம் சொல்வதற்கு அவர்களிடமும் ஒரு செய்தி இருக்கும்.