பிள்ளையின் கையில் எந்தக் கத்தி?



துணி வெட்டவென்றே நீங்கள் வைத்திருக்கும் கத்திரிக்கோலால் யாராவது கடதாசி வெட்டினால் சும்மா இருப்பீர்களா? என் வீட்டில் நடந்தது அதைவிட மோசம். ஒரு பாடசாலை விடுமுறையில் சட்டைத் துணியொன்றை விரித்து வெட்டப் போனேன். கத்திரிக்கோல் துணியை வெட்டவில்லை, மென்றது. அலகுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றன.

விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. என் 12 வயது மகனுக்கு அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு விமானப் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். துண்டு துண்டாக இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களைப் பிரித்தெடுத்து, ஒட்டி, வர்ணம் பூசிச் சிறிய விமானமாக்க வேண்டும். அந்தத் தடித்த பிளாஸ்டிக்கை என் கத்திரிக்கோலால் நெரித்திருக்கிறான். நான் சத்தம் போட்டேன். கத்திரிக்கோலை எடுத்துப் பூட்டி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, குளியலறையில் பெருவிரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றான். வாப்பாவின் சவர பிளேட்டில் பாதியை உடைத்து எடுத்திருக்கிறான். மூன்று தையல். திரும்பி வரும் வழியில் அவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "உம்மா, கத்திரிக்கோல எடுக்க வாணாம்டு சொன்ன நீங்கதானே. அப்ப எதால வெட்டுற?"

எதால் வெட்டக்கூடாது என்று சொன்னேனே தவிர, எதால் வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை. எனக்கே தெரியாது. பெட்டியை அலுமாரியின் மேல் தூக்கி வைத்துவிட்டு அதைக் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்த மாதம் இதை வாசியுங்கள்.

அரை மில்லிமீற்றர் என்ன செய்யும்?

என் மகனுடைய பெட்டியில் இருந்தது ஹரிக்கேன் விமானம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, இரத்மலானையிலிருந்தும் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து எதிர்த்தவை இந்த வகை விமானங்கள்தாம். உண்மை விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 40 அடி. 72இல் ஒரு பங்கு என்ற அளவுத்திட்டத்தில் அது 17 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். பிள்ளை அரை மில்லிமீற்றர் பிழையாக வெட்டினால், உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். சாதாரணப் பென்சில் கோட்டின் தடிப்பே அவ்வளவு இருக்கும். சோக் கோட்டுக்கு உள்ளே வெட்டினால் சட்டை இறுகும், வெளியே வெட்டினால் தொளதொளக்கும் என்று நமக்குத் தெரியாதா? இதுவும் அப்படித்தான். ஆகவே பென்சிலுக்குப் பதிலாக ஊசி நுனியால் மெல்லக் கீறி அடையாளமிடச் சொல்லுங்கள்.

காம்பை வெட்டக் குறடு

பெட்டியில் உள்ள பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், மரத்தில் காய் தொங்குவதுபோல், சிறு காம்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் முறுக்கிப் பிய்த்தால் காம்போடு சதையும் சேர்ந்து வரும். கத்திரிக்கோலும் நகவெட்டியும் நெரிக்கும்.

இதற்கு உரியது மெல்லிய அலகுள்ள குறடு. மின்சாதனம் திருத்துவோர் கம்பி நறுக்கும் சைட் கட்டரின் தம்பி என்று சொல்லலாம். வாங்கும்போது அலகின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தட்டைப் பக்கம்தான் பாகத்தை நோக்கி இருக்க வேண்டும்.

ஒரே வெட்டில் ஒட்ட வெட்டக்கூடாது. முதல் வெட்டு பாகத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளி. அடுத்தது அரை மில்லிமீற்றர் மிச்சம் விட்டு. அவசரப்பட்டு ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காமல் வெள்ளைத் தழும்பாகும், அல்லது குழி விழும். மிச்சத்தைக் கத்தியால் சீவி, நீரில் நனைத்த அரத்தாளால் தேய்த்தால் காம்பு இருந்த இடமே தெரியாது. நனைத்துத் தேய்த்தால் தூசியும் பறக்காது.

இந்தக் குறட்டால் இரும்புக் கம்பி வெட்டக்கூடாது. மெல்லிய அலகு உடனே பொரிந்துவிடும்.

சீவக் கத்தி, கீறக் கட்டர்

சீவுவதற்குப் பேனாபோல் பிடிக்கும் கத்தி நல்லது. அதன் கூர்நுனி அலகைக் கழற்றி மாற்றலாம். தகடு வெட்டுவதற்கு, நுனியை ஒடித்து ஒடித்துப் பாவிக்கும் கட்டர் நல்லது. 1956இல் ஜப்பானின் ஒசாக்கா நகரில், அச்சகத்தில் வேலை செய்த யோஷியோ ஒகாதா என்பவர் கண்டுபிடித்தது அது. நுனி மழுங்கியதற்காக முழு பிளேட்டையும் வீசவேண்டியிருக்கிறதே என்று யோசித்தவருக்கு, சொக்லட் பாளத்தைக் கட்டம் கட்டமாக உடைப்பது நினைவுக்கு வந்ததாம். ஒடிக்கும்போது குறட்டால் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்து ஒடிக்க வேண்டும்.

பலர் விடும் பிழை, பிளாஸ்டிக் தகட்டை ஒரே இழுப்பில் வெட்டப் பார்ப்பது. ஒரு மில்லிமீற்றர் தகட்டை முழுதாக வெட்டத் தேவையே இல்லை. உருக்கு அடிமட்டத்தை வைத்து முதலில் பாரமின்றி ஒரு கீறு. அந்தத் தடத்திலேயே இன்னும் மூன்று நான்கு கீறு. பிறகு கீறலை மேசை விளிம்பில் வைத்து மெல்ல வளைத்தால் 'டக்' என்று நேராக உடையும். முதல் கீறு நேராக இருந்தால் மற்றவை தாமாகவே நேராக வரும். பிளாஸ்டிக் அடிமட்டத்தை மட்டும் வைக்காதீர்கள். கத்தி அதையும் சீவிக்கொண்டு போகும்.

கத்தியால் கீறினால் விளிம்பின் இரு பக்கமும் சற்று மேடாகும். அரத்தாளால் அதைத் தட்டையாக்கலாம். தடித்த தகட்டுக்குக் கொக்கிபோல் வளைந்த அலகுள்ள கட்டர் ஒன்று இருக்கிறது. அது பிளாஸ்டிக்கை ஒதுக்காமல் நூலாகச் சுரண்டி எடுப்பதால் மேடு வராது.

அறுக்க வாள்

தடித்த பாகத்தையும் குழாயையும் கத்தியால் அழுத்தினால் நசுங்கும். நுண்ணிய பற்களுள்ள மெல்லிய வாள் வேண்டும். மெதுவாக அறுக்க வேண்டும். இந்த வகைப் பிளாஸ்டிக் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வேகமாகத் தேய்த்தால் உருகி வாளில் ஒட்டிக்கொள்ளும். வாளின் பற்களும் கொஞ்சம் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதால், கோட்டின் மேல் அல்ல, கோட்டுக்கு வெளியே அறுக்க வேண்டும்.

வட்டமாக ஒரு ஓட்டை வேண்டுமா? கோட்டுக்கு உள்ளே சிறு துளைகளை வரிசையாகத் துளைத்து, இடையிலுள்ளதை வெட்டி, மீதியை அரத்தால் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். ஒரே நீளத்தில் பத்துத் துண்டு வேண்டுமென்றால் பத்துத் தடவை அளக்காதீர்கள். ஒரு கட்டையைத் தடுப்பாக ஒட்டி வைத்து, ஒவ்வொரு துண்டையும் அதில் முட்டவைத்து வெட்டினால் அளவு மாறாது.

எத்தனை வயதுக்கு எது?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் குறடும் அரத்தாளும் போதும். கத்தி வேலையை நீங்கள் செய்து கொடுங்கள். அதற்கு மேல், பக்கத்தில் இருந்து பழக்குங்கள். கத்தி போகும் பாதையில் மற்றக் கை இருக்கக்கூடாது. உருண்டு விழும் கத்தியைப் பாய்ந்து பிடிக்கக்கூடாது. மேசையில் வெட்டுவதற்கென்றுள்ள ரப்பர் போன்ற விரிப்பைப் போடுங்கள். கண்ணாடியும் பீங்கானும் அலகை நொடியில் மழுங்கடிக்கும். பழைய அலகுகளை மூடியில் வெட்டுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். குப்பை அள்ளுபவருக்கும் விரல் இருக்கிறதே.

முக்கியமான ஒன்று. "கூர் குறைந்த கத்திதான் பிள்ளைக்குப் பத்திரம்" என்று நான் நினைத்திருந்தேன். அது தலைகீழ். மழுங்கிய அலகை அழுத்த வேண்டும். அழுத்தினால் சறுக்கும். சறுக்கினால் விரல். மரவள்ளிக் கிழங்கு வெட்டும்போது நம் கையைப் பதம் பார்த்தது எந்தக் கத்தி என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கவேண்டியதில்லை. முதலில் நல்ல குறடு, மாற்று அலகுகளோடு ஒரு கத்தி, உருக்கு அடிமட்டம், விரிப்பு. வாளும் கொக்கி அலகும் தேவை வரும்போது பார்க்கலாம்.

தையல் பிரித்து ஒரு மாதத்தின் பின் அலுமாரி மேலிருந்த பெட்டியை நானே இறக்கினேன். அந்த ஹரிக்கேன் இப்போது எங்கள் கண்ணாடி அலுமாரியில் நிற்கிறது. இடது இறக்கையில் என் கத்திரிக்கோல் விட்ட வெள்ளைத் தழும்பு இன்னும் தெரியும். அதன் மேல் வர்ணம் பூசச் சொன்னேன். கேட்கவில்லை.

போன கிழமை சின்னவன் சைக்கிள் பிரேக் கம்பியை வெட்டவென்று நானாவின் குறட்டை எடுத்துவிட்டான். வீடே அதிர ஒரு சத்தம். குசினியில் நின்றபடி கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை, நான் அன்று கத்திரிக்கோலுக்காகப் போட்ட அதே சத்தம். ஆனால் சத்தம் போட்டு முடிந்ததும், கம்பி வெட்டும் பெரிய குறட்டைத் தேடி எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தான்.