உலைக்கு முன் ஒரு பிடி



பிசான அறுவடை முடிந்துவிட்டது. அச்சன்புதூர், வடகரைப் பக்கம் நெல் விற்ற காசு கையில் புழங்கும் நாட்கள் இவை. அடகில் இருக்கும் நகையைத் திருப்புவதா, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதா, மாடி எடுப்பதா என்று வீட்டுக்கு வீடு கணக்கு ஓடுகிறது. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கணக்கு பெரிது, பீடி சுற்றும் வீட்டில் சிறிது. வாரத் தவணைக்காரர் வரும் கிழமையை இரண்டு வீட்டிலுமே மறப்பதில்லை.

பணத்தைப்பற்றிப் பேச இதுதான் நேரம் என்று தோன்றியது. ஆனால் பணத்தை விட்டு அரிசியிலிருந்து தொடங்குகிறேன்.

திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிடி அரிசி புதிதல்ல. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். சேர்ந்தது கோயிலுக்குப் போகும். விற்ற காசு ஊழியத்துக்கு. தினம் இரண்டு பிடி என்றால் மாதத்துக்கு இரண்டு, மூன்று கிலோ வரும். இதில் கவனிக்க வேண்டியது அளவு அல்ல, எடுக்கும் நேரம். சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. சமைப்பதற்கு முன்பே எடுத்தாகிவிடுகிறது. அன்றைக்கு வீட்டில் சோறு ஒரு பிடி குறைவு. அந்தக் குறைவோடு சாப்பிட்டுப் பழகிய வீடு, 'இது நமக்குப் போதும்' என்பதைத் தினமும் இரண்டு வேளை சொல்லிப் பார்க்கிறது. காஞ்சிப் பெரியவரும் தம் அடியார்களிடம் பிடி அரிசி கேட்டார். மிசோரம் சபைகளில் 1910இல் பெண்கள் தொடங்கிய இதே வழக்கத்தால் இன்று கோடிக்கணக்கில் காசு சேர்கிறது. நம் பக்கத்தில்தான் பாத்திரம் அடுக்களையை விட்டுப் பரணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தப் பிடி அரிசியைப் பெரிய காரியமாக்கிக் காட்டியவர் நம் மண்ணின் பிள்ளை. வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமத்துப் போதகருக்குப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போனவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஊழியர்களை வெளியூருக்கு அனுப்புவதைப் பார்த்தார். நம் சபையைவிடச் சிறிய சபை அது. மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. ஆட்களும் நம்மவர்கள், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம் கையில். அப்போது அசரியாவுக்கு வயது 28. பிறகு தாம் வகித்த ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டு, ஹைதராபாத் நிஜாமின் ராஜ்ஜியத்திலிருந்த தோர்ணக்கலுக்கு அவரே ஊழியராகப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

தோர்ணக்கல் சபையார் பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரர்கள். இவர்களிடம் காணிக்கை கேட்பது நியாயமா என்று நமக்குத் தோன்றும். அசரியா கேட்டார். அவர்கள் வீட்டுப் பெண்களும் உலைக்கு முன் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். காலங்காலமாக ஆண்டையிடம் வாங்கியே பழகியிருந்த கைக்குக் கொடுக்கவும் தெரியும் என்று அந்த அரிசி காட்டியது. கொடுப்பதைப்பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகள் முன் நின்று, உங்கள் தியாகத்தையும் உதவியையும் மதிக்கிறோம், அதோடு எங்களுக்கு நட்பும் வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்ட மனிதர் அவர். பணத்தால் வாங்க முடியாதது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். போதுமென்ற மனதை மற்றவனுக்குப் பிரசங்கிப்பது சுலபம். அறுப்புக்கு வந்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அவர்களுக்கு மனநிறைவைப் போதிப்பது பக்தி அல்ல, மோசடி. பவுல் மனரம்மியத்தைப்பற்றிப் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து. வேலைக்காரரின் கூலியைக் கொடுக்காத நிலக்காரரை யாக்கோபு எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறார் என்பதை அவருடைய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பாருங்கள். நீதிமொழிகளில் வரும் ஆகூர் செல்வமும் வேண்டாம் என்றார், வறுமையும் வேண்டாம் என்றார். வறுமையைப் புனிதமாக்கும் வேலையை அவர் செய்யவில்லை.

இன்னொரு பக்கம், 'இன்று விதையுங்கள், நூறு மடங்காக அறுப்பீர்கள்' என்கிற மேடைகள். ஆயிரம் ரூபாய் போட்டால் லட்சம் வரும் என்று கடவுளைச் சீட்டுக் கம்பெனி ஆக்குகிறார்கள். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு உலை வைக்கும் பெண் பதிலுக்கு என்ன வரும் என்று கேட்காமலே அந்த ஒரு பிடியை எடுக்கிறாள். அவளைக் கூட்டிவந்து அந்த மேடையில் பேசவிடலாம்.

கொடுப்பதிலும் ஒரு ஆசை ஒளிந்திருக்கிறது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் சுற்றும் கோயில்கள் நமக்குத் தெரியும். டோனாவூர் என்ற ஊருக்கே, கோயில் கட்டப் பணம் தந்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர்தான். பெயர் வைத்தவர்கள் நன்றியாகச் செய்தார்கள், குறைசொல்ல ஒன்றுமில்லை. அதே ஊரில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் பணம் கேட்டு யாருக்கும் விண்ணப்பம் விடுவதில்லை என்று வைத்திருந்தார். 1951இல் மறையுமுன், தமக்குக் கல்லறைக் கல்லும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டியைத்தான் அங்கே வைத்தார்கள்.

அசனப் பண்டிகைகளும் ஸ்தோத்திரப் பண்டிகைகளும் வரப்போகின்றன. காணிக்கைப் பொருட்களை ஏலம் விடாமல் நமக்குப் பண்டிகை இல்லை. முந்நூறு ரூபாய்ச் சேவல் மூவாயிரத்துக்குப் போகும்போது எழும் சிரிப்பும் கைதட்டலும் எனக்கும் பிடிக்கும். குடும்பத்துக்குக் குடும்பம் வீம்புக்குக் கேட்கத் தொடங்கும்போதுதான் கசக்கிறது. எனவே ஒரு வேண்டுகோள்: போன வருடம் ஏலம் எடுத்துவிட்டு இன்னும் பணம் கட்டாதவர்கள், இந்த வருடச் சேவலுக்குக் கை தூக்குமுன் பழைய பாக்கியை முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் பிடி அரிசிப் பாத்திரம் இன்னும் அடுக்களையில் இருக்கிறதென்றால், எந்த ஊர், எத்தனை தலைமுறையாக என்று இரண்டு வரி எழுதியனுப்புங்கள். பெயர் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்